எரிந்த பெஞ்சும் நீக்கப்பட்ட பாடமும்

ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் நாள் உலக மனித உரிமை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளிகளில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடைபெறுகின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் 1948ஆம் ஆண்டுப் பிரகடனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். பாரிஸ் நகரைக் குறிப்பிடுகிறார்கள், முப்பது பிரிவுகளை எண்ணிச் சொல்கிறார்கள். நன்கு படிக்கும் மாணவராக இருந்தால், பிரகடனத்தின் முதல் பிரிவில் ஆண்களை மட்டும் சுட்டிய சொல்லை மாற்றி "மனிதர் அனைவரும்" என்னும் பொருள் தரும் சொல்லை இடம்பெறச் செய்தவர் இந்தியாவின் பிரதிநிதி ஹன்சா மேத்தா என்பதையும் எழுதக்கூடும். எல்லாம் தேவையானவையே. பரிசும் கிடைக்கும். மறுநாள் மனித உரிமை என்பது தொலைதூரத்தில் பெரியவர்கள் கூடிக் கையெழுத்திட்ட ஓர் ஆவணமாகத் திரும்பவும் அலமாரிக்குள் போய்விடும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பாடப்புத்தகத்தில் இரண்டில் ஒன்று அல்லது ஆங்கிலம். மேற்கே திரும்பினால் கேரளம், கிழக்கே சிறிது நடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. மனித உரிமை என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கத் தொடங்கினால், விடை தேடி அவள் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவுக்குள் விடைகள் இருக்கின்றன. அவற்றை அவளுக்குக் காட்டுவார் இல்லை என்பதும், காட்டக்கூடிய ஏடுகளிலிருந்து அவை ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றன என்பதும்தான் இன்றைய பிரச்சினை.

ஒரு பெஞ்சின் வரலாறு

நெய்யாற்றின்கரைக்கு அருகே ஊருட்டம்பலம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள அரசுப் பள்ளியில் பாதி எரிந்த ஒரு பெஞ்சு பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1914ஆம் ஆண்டில் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் குலச் சிறுமியை அந்தப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். சிறுமி வகுப்பில் அமர்ந்தாள். அவள் அமர்ந்ததைச் சாதி ஆதிக்கவாதிகளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பள்ளிக்கே தீ வைத்தார்கள். தங்கள் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி என்பதுகூட அவர்களைத் தடுக்கவில்லை. ஒரு தீண்டத்தகாத சிறுமியோடு சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளியே இல்லாமற் போவது மேல் என்று நினைத்தார்கள். அந்தத் தீயில் மிஞ்சியதாகப் போற்றப்படுவதே அந்தப் பெஞ்சு.

தீ ஊருட்டம்பலத்தோடு நிற்கவில்லை. மாராயமுட்டம், பெரும்பழுதூர், குன்னத்துக்கால் எனத் தென்திருவிதாங்கூரின் பல ஊர்களுக்குத் தாக்குதல்கள் பரவின. புலையர் குடிசைகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடிபட்டார்கள், திருப்பியும் அடித்தார்கள். கொல்லம் ஆண்டு 1090இல் நடந்ததால் மக்கள் வழக்கில் அது தொண்ணூறாம் ஆண்டுக் கலகம் எனப் பெயர் பெற்றது. குன்னத்துக்கால் இன்று எல்லையை ஒட்டிய ஊர். நாம் எண்ணிப் பார்க்கும் மாணவியின் வீடு அங்கேயே இருக்கலாம்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பஞ்சமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது அவர் சட்டத்தை மீறவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்ற ஆணையைத் திருவிதாங்கூர் அரசு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிறப்பித்திருந்தது. ஆணை கோப்பில் இருந்தது, பள்ளியின் கதவு மூடியிருந்தது. கோப்புக்கும் கதவுக்கும் இடையிலான தூரத்தை அரசு கடக்கவில்லை. ஒரு சிறுமியும் அவளைப் பெற்றோரும் அவர்களைத் திரட்டிய ஓர் இயக்கமும் கடந்தார்கள். மனித உரிமை பற்றி உயர்நிலைப் பள்ளியில் முதலில் கற்பிக்கப்பட வேண்டிய பாடம் இதுதான். காகிதத்தில் உள்ள உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு ஆள் வேண்டும், அமைப்பு வேண்டும்.

நீண்ட காலம் இந்நிகழ்வு உரிய மதிப்பைப் பெறவில்லை. 2022 டிசம்பரில்தான் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் நினைவாகக் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு பெயர் சூட்டியது. ஒரு தலைவரின் பெயரோடு ஒரு மாணவியின் பெயரும் பள்ளியின் பெயர்ப்பலகையில் ஏறுவதற்கு 108 ஆண்டுகள் ஆயின.

வயலில் நடந்த வேலைநிறுத்தம்

பஞ்சமியின் கதையை ஒரு தனிமனிதரின் துணிச்சலாக மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மை விடுபடும். அய்யன்காளி 1863இல் வெங்ஙானூரில் பிறந்தவர். 1893இல், தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். நடமாடும் உரிமைக்கான அந்தப் போராட்டம் 1898இல் பாலராமபுரம் சாலியர் தெருவில் மோதலாக வெடித்தது. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிறகுதான் பள்ளிக்கூடக் கோரிக்கை விவசாயக் கூலித் தொழிலாளரின் வேலைநிறுத்தமாக வடிவெடுத்தது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகள் அறிவித்தார்கள்.

இந்தியாவில் நவீனத் தொழிற்சங்கங்கள் வேரூன்றுவதற்கு முன்பே, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. கூலியும் வேலை நிலைமையும் கோரிக்கைகளில் இருந்தன. அவற்றோடு சமமாகப் பிள்ளைகளின் படிப்பும் இருந்தது. பட்டினி நெருக்கியபோது விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை கொடுத்து உதவினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கிறார்கள். நடுவராக வந்த நீதிபதி கண்டல நாகம்பிள்ளையின் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டமும் வர்க்கப் போராட்டமும் வெவ்வேறு பாதைகள் என்று வாதிடுவோருக்கு நெய்யாற்றின்கரைப் பகுதி வயல்கள் அன்றே பதில் சொல்லிவிட்டன. நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களே பள்ளியின் கதவையும் மூடினார்கள். ஆகவே கதவைத் திறக்க வயலை நிறுத்த வேண்டியிருந்தது.

1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை எடுத்த முதன்மையான நடவடிக்கைகள் நிலச் சீர்திருத்தமும் கல்வி மசோதாவும் என்பது தற்செயலானது அன்று. அந்த அரசு 1959 ஜூலை 31ஆம் நாள் கலைக்கப்பட்டதற்குக் காரணமான கிளர்ச்சியும் இவ்விரண்டையும் மையமாகக் கொண்டே எழுந்தது. நிலத்தையும் பள்ளியையும் ஒருசேரத் தொட்ட அரசை ஆதிக்க சக்திகள் மன்னிக்கவில்லை.

தோள்சீலையும் ஒன்பதாம் வகுப்பும்

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். அன்று களியக்காவிளையில் எல்லை இல்லை. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை யாவும் ஒரே தென்திருவிதாங்கூர். சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்க மேலாடை அணிவது குற்றமாகக் கருதப்பட்ட காலம். கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. ஆனால் பெண்கள் உயர்சாதியினரைப் போலத் தோள்சீலை அணிந்தபோது தெருக்களிலும் சந்தைகளிலும் தாக்கப்பட்டார்கள். 1822இல் தொடங்கி அலை அலையாக மோதல்கள் நிகழ்ந்தன. 1829இல் அரசு அந்த உரிமையை மறுத்து அறிவிப்பு வெளியிட்டது. போராட்டம் ஓயவில்லை. 1859 ஜூலை 26ஆம் நாள் வேறு வழியின்றி அரசு இறங்கி வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையை ஒட்டவைத்தே கொடுத்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்த இந்தப் போராட்டம், தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2006இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் ஆடையின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயத்தில் இடம்பெற்றிருந்தது. இந்தியா முழுவதிலும் உள்ள மத்தியப் பாடத்திட்ட மாணவர்கள் அதைப் படித்தார்கள். டெல்லியில் படிக்கும் ஒரு மாணவியும் லக்னோவில் படிக்கும் ஒரு மாணவனும் தென்திருவிதாங்கூர்ப் பெண்களின் போராட்டத்தை அறிந்துகொண்டார்கள்.

பின்னர் என்ன நடந்தது? 2012இல் அந்தப் பாடத்தின் சில வரிகள் நாடார் சமூகத்தை இழிவுபடுத்துவதாகத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா உள்ளிட்டோர் அவற்றை நீக்கக் கோரினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2016 டிசம்பரில், சாதி மோதலும் ஆடை மாற்றமும் பற்றிய பகுதியிலிருந்து தேர்வில் கேள்விகள் கேட்கப்படமாட்டா என மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் மாணவர்களின் சுமையைக் குறைப்பது என்ற பெயரில் அந்த அத்தியாயமே முற்றாக அகற்றப்பட்டது. உழவர்களைப் பற்றிய அத்தியாயமும் கிரிக்கெட்டின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயமும் அதனுடன் வெளியேறின. 2022இல் பத்தாம் வகுப்பு அரசியல் பாடத்திலிருந்து ஜனநாயகமும் பன்முகத்தன்மையும், மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் ஆகிய அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் சுமை எது என்பது விளங்கும். சாதி, உழவர், போராட்டம், பன்முகத்தன்மை ஆகியவையே ஆட்சியாளருக்குச் சுமையாகத் தெரிந்தன.

2012இல் எழுந்த எதிர்ப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. தம் முன்னோரை வந்தேறிகள் என்றும் தாழ்ந்தோர் என்றும் பாடநூல் சித்தரிப்பதாக ஒரு சமூகம் உணர்ந்தால், அந்தக் குரலுக்குச் செவிகொடுப்பது முறை. ஆதிக்கச் சாதியினர் எழுதிவைத்த பதிவேடுகளின் சொற்களை அப்படியே பாடநூலில் இறக்குவது தவறாக முடியக்கூடும். ஆனால் அதற்கு மருந்து திருத்தம். அடிமைப்படுத்தியவர்கள் யார், எதிர்த்து நின்றவர்கள் யார் என்பதைத் தெளிவாக எழுதியிருந்தால் பாடம் மேலும் வலுப்பெற்றிருக்கும். அந்தப் பெண்கள் இழிவுபடுத்தப்பட்டவர்களாக மட்டுமன்றி, இழிவை ஏற்க மறுத்தவர்களாகவும் நின்றிருப்பார்கள். வரிகளைத் திருத்துவதற்குப் பதிலாக அத்தியாயத்தை அகற்றியபோது, இழிவுபடுத்திய அமைப்பு தப்பித்துக்கொண்டது. போராடிய பெண்கள் மட்டும் மறைந்தார்கள். புண்பட்ட உணர்வின் பேரால் எழுப்பப்படும் நியாயமான குரல்கூட எப்படி வரலாற்றை அழிப்போரின் கையில் கருவியாகிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

போராட்டம் நீங்கிய வரலாற்றில் எஞ்சுவது அரசாணை மட்டுமே. 1859இல் மன்னர் மேலாடைக்கு அனுமதி தந்தார், பள்ளிகளைத் திறந்துவிட்டார், 1936 நவம்பர் 12இல் கோயில் கதவைத் திறந்துவிட்டார் என்று மாணவி படிப்பாள். உரிமை என்பது மேலிருப்போரின் கருணை என்று அவள் முடிவு செய்வாள். கருணையாகக் கிடைத்ததைக் கருணையின்மையால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அவள் பேசாமல் ஏற்றுக்கொள்வாள். பாடநூல் திருத்தத்தின் அரசியல் நோக்கம் அதுதான்.

நம்மவரையும் கேள்வி கேட்பது

நெய்யாற்றின்கரை மண் இடதுசாரிகளுக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அது சற்றுக் கசப்பானது.

சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878இல் நெய்யாற்றின்கரைப் பகுதியில் பிறந்தவர். திருவிதாங்கூர் திவானின் ஊழலையும் முறைகேடுகளையும் தம் இதழில் அஞ்சாது எழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவர் நாடு கடத்தப்பட்டார். 1912இல் மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். இந்திய மொழிகளில் மார்க்ஸைப் பற்றி எழுதப்பட்ட முன்னோடி நூல்களில் அதுவும் ஒன்று. பத்திரிகைச் சுதந்திரத்தின் தியாகி என்று அவரை நாம் போற்றுகிறோம். போற்றுவது சரியே.

அதே ராமகிருஷ்ண பிள்ளைதான் 1910இல், புலையர் குழந்தைகளைப் பிற சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்தக்கூடாது என்று தலையங்கம் எழுதினார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு அதை ஒப்பிட்டார். மன்னராட்சியை எதிர்த்து நின்ற பேனா, பஞ்சமி அமர வேண்டிய பெஞ்சின் எதிரில் வந்தபோது சாதியின் பக்கம் சாய்ந்தது. ஈராண்டுக்குப் பின் மார்க்ஸைப் பற்றி எழுதிய கையும் அதே கைதான்.

இதை மாணவர்களிடம் மறைக்க வேண்டுமா? சிலர் மறைக்கவே விரும்புவார்கள். எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சுவார்கள். மறைப்பது தவறு என்பது என் கருத்து. தியாகிகளையும் கேள்விக்கு உட்படுத்தக் கற்ற மாணவியே ஆட்சியாளர்களையும் கேள்வி கேட்பாள். எழுத்துரிமைக்காகப் போராடும் ஒருவர் கல்வியுரிமையை மறுக்கக்கூடும், தொழிலாளர் உரிமை பேசும் ஒருவர் வீட்டில் பெண்ணின் உரிமையை மறுக்கக்கூடும் என்பதைப் பதினைந்து வயதில் அறிந்துகொள்வது நல்லது. உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்து, தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்ற முடிவுக்கு அவளே வந்து சேர்வாள்.

எல்லையின் வரலாற்றிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டுடன் இணைக்கக் கோரிப் போராடிய மக்கள்மீது 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் பலியாயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை. அக்கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். லோகியாவின் அரசியலோடு நமக்கு எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. ஆனால் நிராயுதபாணிகளைச் சுட்ட அரசு எந்தக் கட்சியின் அரசானாலும் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு, மனித உரிமை வகுப்பில் கற்பிக்கத் தக்கது.

இன்றைய மாணவியின் கேள்விகள்

வரலாறு கற்றால் மட்டும் போதாது. எல்லைக் கிராமத்து மாணவி தன்னைச் சுற்றியும் பார்க்க வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் சென்றன. கோடு எங்கே போடப்பட்டாலும் இருபுறமும் சிறுபான்மையினர் இருப்பார்கள் என்பதை உணர்ந்தே, அதே ஆண்டின் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதிகளை ஏற்படுத்த ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது முதலாவது. அதைக் கண்காணிக்கத் தனி அலுவலரை நியமிக்கச் சொல்கிறது இரண்டாவது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், தாம் வாழும் பகுதி அலுவலகங்களுக்கு எழுதவும், தம் மொழியிலேயே பதில் பெறவும் வழிசெய்கிறது.

பாறசாலைப் பகுதி மாணவி செய்யக்கூடிய முதல் ஆய்வு இதுவே ஆகலாம். தன் ஊராட்சியிலும் கிராம அலுவலகத்திலும் தமிழில் ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கட்டும். எந்த மொழியில் பதில் வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்று குறித்து வைக்கட்டும். தமிழ்வழி வகுப்புகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள், தமிழ் அறிந்த ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்கட்டும். எல்லைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையாளம் பேசும் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அதே நேர்மையுடன் விசாரிக்கட்டும். தன் மொழிக்குக் கேட்பதை அண்டை மொழிக்கும் கேட்கத் தெரிந்தால், மொழி உரிமை மொழி வெறியாக மாறாது.

தங்கள் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்திருக்கும் வங்க, ஒடிய, அசாமியத் தொழிலாளரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த மொழியில் படிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் புலையர் பிள்ளைகளுக்கு மூடியிருந்த கதவு இன்று வேறு யாருக்கேனும் மூடியிருக்கிறதா என்பதே அதன் பொருள்.

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் சாதி பள்ளி வளாகத்துக்குள் எப்படி நடமாடுகிறது என்பதும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அவருடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டார். நாங்குநேரி எல்லையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறுகளையும் அடையாளங்களையும் மாணவர்கள் அணிவதைத் தடை செய்வது உட்படப் பல பரிந்துரைகளை அது முன்வைத்தது. கையில் கயிறு கட்டிய மாணவனுக்கும் பஞ்சமியின் பள்ளிக்குத் தீ வைத்தவனுக்கும் இடையே நூறாண்டு இடைவெளி இருக்கிறது. வரலாறு சொல்லித்தரப்படாத இடத்தில் அந்த இடைவெளி இல்லாமற் போய்விடுகிறது.

கட்சி என்ன செய்ய வேண்டும்?

மாணவர்களை அரசியலுக்கு இழுக்கிறார்கள் என்று நம்மீது குற்றம் சாட்டுவோர் உண்டு. பாடநூலிலிருந்து தோள்சீலைப் போராட்டத்தை நீக்கியது அரசியல் இல்லையா? மக்கள் போராட்டங்கள் பற்றிய அத்தியாயத்தைக் கிழித்தெறிந்தது அரசியல் இல்லையா? இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் எல்லா விவகாரங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது. தான் எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்கக்கூடாது என்று டெல்லியில் முடிவாகும்போது, அதைப் பற்றிப் பேச மாணவிக்கு உரிமை உண்டு.

நீக்கப்பட்ட பகுதிகளைத் துணைப் பாடநூல்களாக அச்சிட்டு 2023 ஆகஸ்டில் மேல்நிலை மாணவர்களுக்குக் கேரள அரசு வழங்கியது. நாட்டுக்கே வழிகாட்டிய செயல் அது. அதே கேரளத்தில் 2025 அக்டோபரில் பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட்டதும், இடதுசாரி அணிக்குள்ளேயே எழுந்த கடும் எதிர்ப்புக்குப் பின் அதை நிறுத்திவைக்க முடிவெடுத்ததும் நாம் அறிந்தவை. நிதியைக் காட்டிக் கல்விக் கொள்கையைத் திணிக்கும் முயற்சி தொடரும். அதை எதிர்கொள்ளப் பேச்சுவார்த்தை மேசை மட்டும் போதாது. பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் பாடநூலைத் தங்கள் உடைமையாகக் கருதும் நிலை உருவாக வேண்டும்.

அதற்குக் கிளை அளவில் செய்யக்கூடியவை பல. தென்திருவிதாங்கூர் உரிமைப் போராட்டங்கள் பற்றி எளிய தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சிறுநூலை இரு மாநிலத் தோழர்களும் சேர்ந்து கொண்டுவரலாம். விடுமுறை நாளில் மாணவர்களை ஊருட்டம்பலத்துக்கும், 1888இல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவிச் சாதி விதியை உடைத்த அருவிப்புரத்துக்கும், ஐயா வைகுண்டரின் சாமிதோப்புக்கும் அழைத்துச் செல்லலாம். ஊரில் உள்ள முதியவர்களிடம் பேசி, அவர்கள் பள்ளிக்குப் போன கதையையோ போக முடியாத கதையையோ எழுதிவரச் சொல்லலாம். தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழாவில், 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இரு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். மேடையில் சாத்தியமானது வகுப்பறையிலும் சாத்தியமாக வேண்டும்.

ஒன்றை மறந்துவிடலாகாது. நம் கூட்டங்களுக்கு மாணவர்களை அழைக்கிறோம். கொடி பிடிக்கச் சொல்கிறோம், பாட்டுப் பாடச் சொல்கிறோம், இரண்டு மணி நேரம் உரை கேட்கச் சொல்கிறோம். கேள்வி கேட்க எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்? மனித உரிமை பற்றி ஆராயும் மாணவி நம் மேடையிலும் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று எண்ணுவாள். எண்ணட்டும். அவள் எண்ணிக்கை நம்மைச் சங்கடப்படுத்தினால் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த டிசம்பர் 10ஆம் நாளும் பள்ளிகளில் கட்டுரைப் போட்டி நடக்கும். எல்லைக் கிராமத்து மாணவி தன் கட்டுரையை 1948இல் தொடங்காமல் 1914இல் தொடங்கட்டும். கல்வி பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று ஐக்கிய நாடுகளின் பிரகடனம் 26ஆம் பிரிவில் அறிவிப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, தன் ஊருக்கு அருகில் ஒரு சிறுமி அந்த உரிமையின்மீது அமர்ந்து காட்டினாள் என்று எழுதட்டும். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் கட்டுரையை எழுதத் தேவையான வரலாற்றை அவள் கையில் சேர்ப்பது நம் கடமை.